நடுங்குவது சுரமா, நெஞ்சமா?

பிறரைக் கண்கலங்க வைப்பது ஒரு வல்லமை. பேச்சாளருக்கு அது உண்டு, நடிகருக்கு உண்டு, பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் உண்டு. வல்லமை உள்ள இடத்தில் பொறுப்பும் இருக்க வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் அந்த வல்லமை முழுவதும் ஒரு சிறு சக்கரத்தில் அடங்கி, பதினெட்டு வயதுப் பையனின் இடக்கைப் பெருவிரலுக்குக் கீழே வந்து சேர்ந்துவிட்டால், பொறுப்பும் அதனோடு வந்து சேர்கின்றதா? அன்பார்ந்த வாசகர்களே, இவ்வாரம் இக்கேள்வியை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றேன்.

இக்கேள்வி எனக்கு ஒரு அடக்கத் திருப்பலியிலே பிறந்தது. இறந்தவர் கடற்றொழிலாளி, நடுத்தர வயது. திருப்பலி முடிந்து பேழையை வெளியே எடுக்கும் நேரம். பாடகர் குழுவினர் பாட, கீபோட் வாசித்த இளைஞன் பாடலின் இடைவெளிகளை வயலின் ஓசையால் நிரப்பினான். முதல் இரண்டு அடிகளும் அமைதியாகவே சென்றன. கடைசி அடியிலே ஒரு சுரத்தைக் கீழிருந்து மெல்ல வளைத்து மேலே ஏற்றினான். ஏறிய இடத்தில் அது நடுங்கத் தொடங்கியது. அதுவரை கல்லாக நின்ற அந்த மனிதரின் மனைவி வாய்விட்டு அலறினார். அவரைத் தொடர்ந்து ஆலயமே அழுதது. என் கண்களும் நனைந்தன என்பதை மறைக்கவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது, ஆலய முற்றத்து வேம்பின் கீழே அந்த இளைஞன் தன் தோழர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "பாத்தனியே, கடைசி வரியிலை சக்கரத்தைத் திருப்பினன். ஒருத்தரும் மிச்சமில்லை!"

எனக்குச் சுருக்கென்றது. அவனைத் தனியே அழைத்து, "தம்பி, அந்த அம்மாவின்ரை கண்ணீரோடை விளையாடலாமோ? உன்ரை சக்கரத்துக்குத் துக்கம் தெரியுமோ?" என்றேன். அவன் கோபிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, "மாஸ்ரர், நீங்கள் ஆர்மோனியம் வாசிக்கேக்கை துருத்தியை அமத்தியும் விட்டும் சத்தத்தை நடுங்க வைக்கிறனீங்கள்தானே? உங்கடை துருத்தி செய்தால் பக்தி, என்ரை சக்கரம் செய்தால் பொய்யோ?" என்று கேட்டான்.

எனக்கு அன்று மறுமொழி வரவில்லை. பல நாள் யோசித்த பின் வந்த மறுமொழியே இக்கட்டுரை.

இரண்டு சக்கரங்கள்

அறியாதவர்களுக்காக அச்சக்கரங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மின்னிசைக் கருவிகள் பலவற்றின் இடது ஓரத்தில், கட்டைகளுக்கு அருகே, பாதி புதைந்தபடி இரண்டு சக்கரங்கள் இருக்கும். ஒன்றுக்கு 'பிற்ச் பென்ட்' என்று பெயர்; அது சுருதியை வளைப்பது. மற்றதற்கு 'மொடியுலேசன்' என்று பெயர். அது பெரும்பாலும் சுரத்தை நடுங்க வைப்பது. இவற்றை வளைவுச் சக்கரம் என்றும் நடுக்கச் சக்கரம் என்றும் இங்கே அழைப்போம். சில கருவிகளில் இரண்டு வேலையையும் ஒரே நெம்பு செய்யும். வீட்டுக்கு வாங்கும் சிறு கருவிகளில் ஒன்று மட்டும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

கட்டைக் கருவியின் குறை என்னவென்றால், ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே வழியில்லை. படிக்கட்டில் ஏறுவது போலத் தாவித்தான் செல்லலாம். மனிதக் குரலோ சரிவுப் பாதையில் நடப்பது போல இடைவெளியெல்லாம் தொட்டுச் செல்லும். வளைவுச் சக்கரம் அந்தச் சரிவைக் கட்டைகளுக்குக் கொடுக்கின்றது. வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் என்று அதன் எல்லை அமைந்திருக்கும்; அதாவது 'ச'விலிருந்து சதுசுருதி 'ரி' வரையுள்ள தூரம். கையை எடுத்ததும், உள்ளே இருக்கும் வில் அதை நடுநிலைக்கு இழுத்துவிடும்.

நடுக்கச் சக்கரம் வேறு விதம். கருவிக்குள்ளே ஓசையாகக் கேட்காத ஒரு மெதுவான அலை ஓடிக்கொண்டிருக்கின்றது. சக்கரத்தை உயர்த்த உயர்த்த, அந்த அலை சுரத்தை மேலும் கீழும் கூடுதலாக அசைக்கும். தேர்ந்த பாடகரின் குரல் செக்கனுக்கு ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு தடவை அசைகின்றது. கருவியின் அலையும் அந்த வேகத்தை ஒட்டியே அமைக்கப்படுவதனால், காது ஏமாந்து, "இது மனிதக் குரல்" என்று நெகிழ்கின்றது. சக்கர வடிவில் உள்ள கருவிகளில் இதற்குப் பெரும்பாலும் வில் இல்லை. எங்கே விட்டீர்களோ அங்கேயே நிற்கும்.

1983ஆம் ஆண்டில் கருவித் தயாரிப்பாளர் பலர் ஒன்றுகூடி, கருவிகள் தம்முள் பேசிக்கொள்வதற்கு 'மிடி' என்ற பொது மொழியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அம்மொழியில் வளைவுச் சக்கரத்தின் ஓட்டம் 16,384 படிகளாகப் பகுக்கப்பட்டிருக்கின்றது. நடுக்கச் சக்கரத்துக்குச் சாதாரணமாக 128 படிகளே போதும். ஏன் இந்த வேறுபாடு? சுருதி சிறு படிகளில் தாவினாலும் நமது காது கண்டுபிடித்துவிடும். ஆண்டவன் படைத்த காதை ஏமாற்றுவது அவ்வளவு இலகுவன்று என்பதற்கு இந்த எண்ணே சாட்சி.

புதிய ஆசை அன்று

'இயந்திரம் நடுங்குவது பொய்' என்று நான் முதலில் நினைத்தேன். வரலாற்றைப் பார்த்தபோது அந்த எண்ணம் நிலைக்கவில்லை.

கட்டைக் கருவியைக் குரலாக்க வேண்டும் என்ற ஆசை மிகப் பழையது. ஐரோப்பாவில் 'கிளாவிக்கோட்' என்றொரு சிறு தந்திக் கருவி இருந்தது. அதன் கட்டையை அழுத்தினால் பித்தளைத் தகடு ஒன்று தந்தியைத் தொட்டு, விரல் எடுக்கும்வரை தொட்டபடியே நிற்கும். ஆகவே விரலை மெல்ல அழுத்தியும் தளர்த்தியும் சுரத்தை நடுங்கச் செய்யலாம். ஜேர்மானியர் இதைப் 'பேபுங்' என்றனர். ஓசையோ மிகச் சிறிது. பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். பியானோ இந்த வசதியை இழந்தது. அதன் சுத்தியல் தந்தியை அடித்துவிட்டு விலகிவிடுகின்றது. பின்பு அச்சுரத்தை வளைக்கவோ நடுக்கவோ விரலுக்கு வழியில்லை.

நமது ஆலயங்களின் கதையும் இதில் உண்டு. குழல் ஓர்கனில், குழல்களுக்குச் செல்லும் காற்றையே அசைத்து ஓசையை நடுங்க வைக்கும் பொறி 16ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. மனிதக் குரல் என்று பொருள்படும் இலத்தீன் பெயருடைய குழல் வரிசையோடு சேர்த்து அதை ஒலிப்பது வழக்கம். ஆக, இயந்திரத்தினால் நடுங்கும் ஓசை பல நூறு ஆண்டுகளாகத் திருப்பீடத்தின் அருகே ஒலித்து வந்திருக்கின்றது.

1928இல் மொறிஸ் மார்த்தனோ என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு மின்னிசைக் கருவியைப் பாரிஸில் அரங்கேற்றினார். அவர் செல்லோ வாசிப்பவர். தந்தியில் விரல் வழுக்குவதை அறிந்தவர். அவர் கருவியில் கட்டையைப் பக்கவாட்டில் அசைத்தால் சுரம் நடுங்கும். விரலில் மாட்டிய ஒரு வளையத்தை நகர்த்தினால் சுரம் வழுக்கிச் செல்லும். இக்கருவியை மிகவும் விரும்பியவர் ஒலிவியே மெசியான். ஆழ்ந்த கத்தோலிக்கர், பாரிஸில் தமதிரித்துவ ஆலயத்தில் 1931 முதல் 1992இல் இறக்கும்வரை ஓர்கன் வாசித்தவர். 1983இல் பாரிஸில் மேடையேறிய, புனித பிரான்சிஸ் அசீசியாரைப் பற்றிய தமது இசை நாடகத்தில் இத்தகைய கருவிகள் மூன்றை அவர் சேர்த்தார். மின்சாரத்தால் நடுங்கும் ஓசையில் பக்தி இராது என்று அவர் எண்ணவில்லை.

இன்று நாம் காணும் இரு சக்கரங்களைக் கட்டைகளின் இடப்புறம் அமைத்துப் புகழ்பெற்றது, அமெரிக்கரான றொபேட் மூக்கின் நிறுவனம் 1970இல் வெளியிட்ட 'மினிமூக்'. வலக்கை சுரத்தைச் சொல்ல, இடக்கை அச்சுரத்துக்கு உயிரூட்டும் என்ற புதிய பழக்கம் அதனோடு பரவியது. யான் ஹாமர் என்ற செக் நாட்டுக் கலைஞர் அச்சக்கரத்தைத் திருப்பி வாசித்தபோது, கேட்டவர் அதைக் கிற்றார் என்றே மயங்கினர்.

நமது இசையில் நிலைமை இன்னும் தெளிவானது. கர்நாடக இசையில் வளைவும் அசைவும் சுரத்துக்குப் பூட்டும் நகையல்ல. சுரத்தின் உடம்பே அவைதான். தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் நேராக நிறுத்தினால், சுரம் சரியாக இருக்கும்; தோடி இராது. நாதஸ்வரத்தில் தோடி கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆர்மோனியத்தால் இவ்வாறு வளைய முடியாது என்பதே அதன்மேல் சுமத்தப்பட்ட பெருங்குற்றம். அக்குற்றத்துக்காகவே 1940இல் அகில இந்திய வானொலி அதை ஒதுக்கியது. 1971 வரை அத்தடை தளரவில்லை. அந்த அளவுகோலின்படி பார்த்தால், ஓயாமல் துருத்தியை அமத்திக்கொண்டிருந்த என்னைவிட, சக்கரத்தில் கைவைத்த அந்த இளைஞனே நமது இசைமரபுக்கு அருகில் நிற்கிறான்!

ஆகவே, தம்பி சொன்னது சரி. சக்கரம் பொய்யன்று.

அப்படியானால் வேம்பின் கீழே எனக்குச் சுருக்கென்றது ஏன்?

உணராமல் உணர்த்தலாமா?

இங்கேதான் மெய்யான கேள்வி தொடங்குகின்றது. வாசிப்பவன் தான் உணராத துக்கத்தைப் பிறருக்கு உணர்த்தலாமா?

இதற்கு இரு பெரியோர் இரு விதமாக விடை சொல்லியிருக்கின்றனர். பெரும் இசைமேதை பாக் அவர்களின் மகனான கார்ல் பிலிப் இமானுவேல் பாக், கட்டைக் கருவி வாசிக்கும் கலையைப் பற்றி 1753இல் ஒரு நூல் வெளியிட்டார். கிளாவிக்கோட்டின் நடுக்கத்தைப் போற்றியவர் அவர். வாசிப்பவன் தான் நெகிழாமல் பிறரை நெகிழ்விக்க முடியாது என்பது அவர் கொள்கை. அவர் காலத்தவரான பிரெஞ்சு அறிஞர் டிடறோ நேர்மாறாக எழுதினார். சிறந்த நடிகன் உணர்ச்சிவசப்படாதவன்; குளிர்ந்த மனத்தோடு உணர்ச்சியின் அடையாளங்களைக் கணக்கிட்டுக் காட்டுபவன் என்பது அவர் வாதம். நடிகரைப் பற்றிய அந்நூல் அவர் இறந்து பல ஆண்டுகளின் பின்னர் 1830இல் வெளிவந்தது.

இருவரில் யார் பக்கம் நிற்பது? பாக்கின் பக்கம் நிற்கவே மனம் விரும்புகின்றது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு பங்கில் ஒரே கிழமையில் மூன்று அடக்கங்கள் நடக்கின்றன. மூன்றாவது நாள் வாசிக்க வருபவர் களைத்திருக்கிறார். இறந்தவரை அவருக்குத் தெரியாது. வீட்டிலே பிள்ளைக்குக் காய்ச்சல். அவர் நெஞ்சில் துக்கம் ஊறவில்லை. எனினும் பாடலை அறிந்து, வேகம் அறிந்து, பாடுபவர்களின் மூச்சறிந்து வாசிக்கிறார். இவரைப் பொய்யர் என்போமா? செபமாலை சொல்லும்போது மனம் வறண்டு கிடப்பதை நாம் எல்லோரும் அறிவோம். அதற்காக அந்தச் செபம் பொய்யாகிவிடுமா?

உணர்ச்சி நமது கட்டளைக்குக் கீழ்ப்படியாது; கவனம் கீழ்ப்படியும். இதுவே நான் கண்ட விடை. தன் நெஞ்சில் துக்கம் உண்டா என்பதைவிட, தன் கவனம் யாரிடம் இருக்கின்றது என்பதே வாசிப்பவனைச் சோதிக்கும் கேள்வி. பாடலிடமும், பாடுபவரிடமும், துக்கப்படுபவரிடமும் கவனம் இருந்தால், சக்கரத்தின் நடுக்கமும் உண்மையே. "எத்தனை பேர் அழுகிறார்கள்" என்று எண்ணுவதில் கவனம் இருந்தால், தொண்டையிலிருந்து வரும் நடுக்கமும் பொய்யே. வேம்பின் கீழே அந்தத் தம்பி செய்த குற்றம் சக்கரத்தைத் திருப்பியதன்று. கண்ணீரைத் தன் வெற்றிக் கணக்கில் எழுதியதே. அக்கணக்கை நானும் எழுதியிருக்கிறேன். என் ஆர்மோனியத்துக்குச் சனம் உருகியதைத் திரும்பித் திரும்பிப் பார்த்த நாட்கள் எனக்கும் உண்டு. அவனைக் கண்டிக்கும்போது என் மனம் தடுமாறியதன் காரணம் அதுதான்.

இதைப் புனித அகுஸ்தீனார் நமக்கு முன்னரே ஆராய்ந்துவிட்டார். தமது பாவ அறிக்கை நூலின் பத்தாம் பாகத்தில், ஆலயப் பாடல் தம்மைக் கண்ணீர் சிந்த வைத்ததை நன்றியோடு நினைக்கிறார். ஆனால் பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகம் அசைத்தால், தாம் தவறிவிட்டதாக அறிக்கையிடுகிறார். அலெக்சாந்திரியாவின் ஆயர் புனித அத்தனாசியார், சங்கீதம் வாசிப்பவர் பாடுவதைவிடப் பேசுவதற்கே நெருக்கமாக இருக்கும்படி குரலை மிகச் சிறிதளவே வளைக்கச் செய்தார் என்று கேள்விப்பட்டதையும் அங்கே குறிப்பிடுகிறார். அந்த வழியே பாதுகாப்பானது என்று ஒரு சமயம் தோன்றுகின்றது. தம் கண்ணீரை நினைத்தபோது பாடலின் பயனையும் மறுக்க முடியவில்லை. இறுதியில் பாடலை ஏற்கும் பக்கமே சாய்கிறார். ஆயினும் ஆபத்தையும் மறக்கவில்லை. குரலின் வளைவு எவ்வளவு இருக்கலாம் என்ற நமது கேள்விக்குப் பதினாறு நூற்றாண்டுகள் வயதாகிவிட்டது!

இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தில் குழல் ஓர்கனைப் போற்றிய கையோடு, மற்றக் கருவிகளுக்கும் வாயிலைத் திறந்து வைத்தது. தூய வழிபாட்டுக்குப் பொருந்த வேண்டும், ஆலயத்தின் மாண்புக்கு இசைய வேண்டும், விசுவாசிகளுக்கு மெய்யாகவே பயன்பட வேண்டும் என்பவையே அது கேட்டவை.

சக்கரமே சொல்லும் பாடங்கள்

கவனத்தோடு வாசிப்பவனுக்குச் சக்கரமே சில ஒழுக்கங்களைக் கற்றுக்கொடுக்கின்றது.

முதலாவது, எந்த ஓசையை வாசிக்கிறோமோ அதன் இயல்பை அறிய வேண்டும். பியானோ ஓசையை வைத்துக்கொண்டு சுரத்தை வளைத்தால், எந்தப் பியானோவும் செய்யாததைச் செய்கிறோம். வயலினின் விரல் ஓயாமல் நடுங்குவதில்லை. புல்லாங்குழல் வாசிப்பவர் நீண்ட சுரத்தை முதலில் நேராகப் பிடித்து, பின்பே மெல்ல அசைப்பதுண்டு. கிற்றார் தந்தியைத் தள்ளினால் சுருதி ஏறும். இவற்றை அறியாமல் எல்லா ஓசைக்கும் ஒரே நடுக்கத்தைப் போடுவது, ஊரில் இறந்த எல்லோருக்கும் பெயரை மட்டும் மாற்றி ஒரே இரங்கலுரையை வாசிப்பது போன்றது.

இரண்டாவது, வளைவுக்குச் சேரும் இடம் ஒன்று வேண்டும். சுரத்தின் வளைவு இனிப்பது, அது எங்கோ போய்ச் சேர்வதால். அரைச்சுரம் வளைய வேண்டிய இடத்தில் சற்றுக் குறைந்தாலும் கூடினாலும் அது உருக்கமாகாது, அபசுரமாகும். ஆகவே, சக்கரத்தை விரல் திருப்பினாலும், நிறுத்த வேண்டியது காது. காது பழகாதவனின் சக்கரம், கடிவாளம் இல்லாத குதிரை.

மூன்றாவது பாடம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. சாதாரணக் கருவியில் பல கட்டைகளை ஒருங்கே அழுத்திக்கொண்டு வளைவுச் சக்கரத்தைத் திருப்பினால், அந்த ஓசையில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்து வளையும். ஒன்றை மட்டும் வளைத்து மற்றவற்றை நிறுத்திவைக்க முடியாது. ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கும் முறையை மிடி மொழியில் சேர்த்தது 2018இல்தான். அதற்கென அமைந்த கருவிகளிலேயே அது கிட்டும். குடும்பத் தலைவர்களே, ஆசிரியர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாம் வளையும்போது தனியே வளைவதில்லை. நம்மோடு சேர்த்துப் பிடிக்கப்பட்டவர்களும் வளைகிறார்கள்.

நான்காவது, திரும்பி வருதல். வளைவுச் சக்கரத்துக்கு வில் உண்டு. கையை எடுத்தால் தன் நடுநிலைக்கு வந்துவிடும். நடுக்கச் சக்கரத்துக்கு வில் இல்லை. ஒரு பாடலுக்காக அதை உயர்த்திவிட்டு இறக்க மறந்தால், அடுத்த பாடல் தொடங்கும்போதே தேவையற்ற நடுக்கத்தோடு தொடங்கும். அல்லேலூயாவே அழுதுகொண்டு வருவதை நான் கேட்டிருக்கிறேன். வாசித்தவர் கருவியில் பழுது என்று நினைத்து மின்கம்பியைத் தட்டிப் பார்த்தார்!

மனித உள்ளத்திலும் இவ்விரு சக்கரங்கள் உண்டு. சில தவறுகளிலிருந்து நாம் கையை எடுத்த உடனே மீண்டுவிடுகிறோம். மனச்சாட்சி என்ற வில் இழுத்துவிடுகின்றது. சில பழக்கங்களோ விட்ட இடத்திலேயே நிற்கின்றன. ஒரு நாள் தேவைக்காகக் குரலை உயர்த்துகிறோம், உயர்த்தியதை மறந்துவிடுகிறோம், பின்பு பிள்ளையைச் சாப்பிட அழைக்கும் சொல்லும் அதட்டலாகவே வருகின்றது. பழுது எங்கே என்று வெளியே தேடுகிறோம். நல்ல வாத்தியக்காரர் ஒவ்வொரு பாடலின் முடிவிலும் அந்தச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துக் கீழே இறக்கிவிடுவார். இரவில் ஆன்ம சோதனை செய்வதும் இதைப் போன்றதே.

குரலிலும் சக்கரம் உண்டு

இது வாத்தியக்காரருக்கு மட்டும் உரிய சங்கதி என்று வாசகர் எவரும் ஒதுங்கிவிடக் கூடாது. நம் ஒவ்வொருவரின் தொண்டையிலும் இச்சக்கரம் இருக்கின்றது. இரங்கல் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்ததும் குரலைத் தழதழக்கச் செய்பவர் உண்டு. கடன் கேட்கும்போது மட்டும் குரல் நடுங்குபவர் உண்டு. பிள்ளைகளைப் பணிய வைக்கத் தாய் விடும் கண்ணீர் உண்டு. மேடையிலே இனத்தின் துயரத்தைச் சொல்லிச் சனத்தை அழ வைத்துவிட்டு, கீழே இறங்கியதும் "கூட்டம் எப்படி?" என்று கேட்பவரும் உண்டு. இவர்கள் சொன்ன துயரம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்டவரின் கண்ணீரைத் தம் உடைமையாகக் கொண்டார்கள். பிறரின் கண்ணீர் அவரவர் அன்பிலிருந்து வருவது. அதற்கு வழி திறந்துவிடலாம். சொந்தம் கொண்டாடக் கூடாது.

இழந்தவர்கள் நிறைந்த நம் மண்ணில் இது சிறு காரியமன்று. இங்கே எந்த ஆலயத்திலும் ஒரு சுரம் சற்று வளைந்தாலே போதும், யாரோ ஒருவரின் ஆறாத காயத்தைத் தொட்டுவிடும். கை வைப்பவன் மெல்ல வைக்க வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்குக் கீபோட் வாங்கிக் கொடுத்திருந்தால் அச்சக்கரத்துக்குத் தடை போடாதீர்கள். ஆனால் ஒரு பாடலை முதலில் சக்கரத்தைத் தொடாமலே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வெறும் சுரங்களில் அழகு இல்லாத வாசிப்பைச் சக்கரம் காப்பாற்றாது. கறி பழுதென்றால் மேலே தூவும் கறிவேப்பிலை என்ன செய்யும்? பின்பு அதே பாடலை அப்பிள்ளையை வாயால் பாடச் சொல்லுங்கள். குரல் எங்கே தானாக வளைகின்றதோ அங்கே சக்கரமும் வளையட்டும். குரல் நேராக நிற்கும் இடத்தில் சக்கரமும் நிற்கட்டும். பாடகர் குழுவை நடத்துபவர்களே, நன்றாக வாசித்த பிள்ளையிடம் "எல்லாரையும் அழ வைச்சிட்டாய்" என்று புகழாதீர்கள். "பாட இலகுவாக இருந்தது" என்று சொல்லுங்கள். எந்தப் புகழைக் கொடுக்கிறோமோ, அதைத் தேடித்தான் பிள்ளையின் கை போகும்.

தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலுக்குத் துணைநிற்கும் அளவுக்கே ஒலிக்க வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களுமே அதற்கு விலக்கு. அக்காலம் வாத்தியக்காரருக்கு நல்ல பயிற்சிக் காலம். அலங்காரம் இல்லாமலே பாடல் நிற்கின்றதா என்று அப்போது தெரிந்துவிடும். பெரிய வெள்ளியன்று எக்கருவியின் துணையுமின்றி முதிய குரல்கள் பாடும் புலம்பலைக் கேட்டவர்களுக்கு, நடுக்கம் எங்கிருந்து வருகின்றது என்று நான் சொல்லத் தேவையில்லை. அக்குரல்கள் நடுங்க முயல்வதில்லை. நடுங்காமல் பாடவே முயல்கின்றன.

அந்தத் தம்பியை மீண்டும் சந்தித்தபோது, "நீ கேட்டது சரி, சக்கரம் பொய்யில்லை. துருத்தியும் சக்கரமும் ஒன்றுதான். ஆனால் நீயும் நானும் அழுகையை எண்ணக்கூடாது" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "மாஸ்ரர், எண்ணாமல் இருக்கிறதுதான் கஷ்டம்" என்றான்.

உண்மையைச் சொன்னான். சக்கரத்தைத் திருப்பக் கற்க ஒரு மாதம் போதும். எண்ணாமல் இருக்கக் கற்பதற்கு ஓர் ஆயுள் வேண்டும். அவனும் நானும் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறோம். நீங்களும் எங்களோடு சேர்ந்து கற்பீர்களாக.